அழுகாத முளைப்பாரி

எனக்குப் பக்தி அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. ராமநாதபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவுக்கு எனக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்றாலும், "அக்கா, நீங்க ஒரு வார்த்தை வேண்டிக்கங்க, உங்க வாய்க்குப் பலிக்கும்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நானும் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, திருநீறு பூசி அனுப்புவேன். உதட்டை அசைக்கும்போது என்ன சொல்வேன் தெரியுமா? ஒன்றுமே சொல்வதில்லை. சில நாள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமே என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பேர் எனக்கு ஒரு முளைப்பாரியால் வந்தது. எண்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். அப்போது நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு ஆள் பார்க்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் கமுதிக்கு மேற்கே. மிளகாயும் பருத்தியும் போடுகிற பூமி. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் கண்மாயில் விரிசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் மழைக்கு முன்னால் அம்மனுக்குப் பாரி போடுவதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காப்புக் கட்டிய அன்று வீட்டுக்கொரு மண்சட்டியில் வைக்கோலும் ஆட்டுப்புழுக்கைத் தூளும் போட்டு, பயறு வகைகளைக் கலந்து விதைத்து, கோயிலுக்குப் பக்கத்திலிருக்கும் பாரி வீட்டில் கொண்டுபோய் வைப்போம். ஜன்னலே இல்லாத இருட்டு வீடு அது. விடியுமுன் ஊருணியில் குளித்து ஈரத்துணியோடு போய் அவரவர் சட்டிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வேளைச் சோறு. தீட்டோடு யாரும் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. மிதித்தால் பாரி அழுகிவிடும். பாரி அழுகினால் அந்த வீட்டுக்குக் கேடு. இதில் எங்கள் ஊரில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

அம்மா எடுக்கிற பாரியைத் தெருவே திரும்பிப் பார்க்கும். மற்றவர்களுடையது சாண் வளர்ந்தால் அம்மாவுடையது முழம் வளர்ந்திருக்கும். இருட்டில் வளர்ந்த பயிருக்கே உரிய வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஒன்றுகூடச் சாயாமல் நிற்கும். அம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. அம்மனிடம் அவள் பேசுவதே தனி. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசுவாள். "என்னடி ஆத்தா, புரட்டாசி பொறக்கப் போகுது, மானத்துல ஒரு பொட்டு மேகத்தக் காணோம், நீ பாட்டுக்கு உக்காந்திருக்க" என்று கோயில் வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கிறாள். எனக்கும் அம்மன் என்றால் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவில் குடியிருக்கிற ஒரு பெரிய மனுஷி என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகியிருந்தது. "ஆத்தா எனக்குக் கதவத் தொறந்து விட்டுட்டா, இனி எந்நாளும் போகலாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பங்குனியில் திடீரென்று மறுபடியும் உதிரம் படத் தொடங்கியது. இரண்டொரு நாளில் நின்றுவிடும் என்று பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் தீட்டுக்கு ஒதுங்கும் சாய்ப்புக்குப் போனாள். நிற்கவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. குறையும், மறுபடி படும். அம்மா சாய்ப்பிலேயே குடியிருந்தாள். அடுப்படி என் கைக்கு வந்தது.

கோயிலுக்குப் போக முடியவில்லையே என்பதுதான் அவளுடைய பெரிய கவலை. வெள்ளிக்கிழமை என்னிடம் தேங்காய்த் தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தெருமுனை அடிபம்புப் பக்கத்தில் நின்றுகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் கோயிலுக்குள் எரியும் சூடம் மட்டும் ஒரு பொட்டாகத் தெரியும். அதைப் பார்த்துக் கும்பிடுவாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. பூசாரி சூடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா அடிபம்பைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி நின்றாள். ஒரு கை தலைக்கு மேல். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அம்மனைப் பார்த்து, இவளை உள்ளே கூப்பிட்டால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். மனசுக்குள்தான். பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், அதுவரைக்கும் எப்போது கேட்டாலும் ஏதோ ஒன்று இருந்தது. அன்றைக்கு இல்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் நம் சத்தமே நம் காதில் விழுமே, அப்படி இருந்தது. எண்ணெய் வழிகிற கல்லும், மஞ்சள் புடவையும், எலுமிச்சம்பழ மாலையும் தெரிந்தன. ஆள் இல்லை.

சாமி இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது என்று பிற்காலத்தில் மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். கொடுத்துவைத்தவர்கள். அம்மாவைக் காப்பாற்ற இனி யாரும் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பூசாரி நீட்டிய குங்குமத்தை வாங்கி, அடிபம்புக்கு வந்து, தீட்டு ஒட்டாமல் அம்மாவின் உள்ளங்கையில் மேலிருந்து போட்டேன். "என்ன சொன்னா ஆத்தா?" என்று கேட்டாள். "சரியாயிரும்னு சொன்னா" என்றேன். நடிப்பு அன்றைக்குத் தொடங்கியது.

ஆடி கடைசியில் அய்யாவை நச்சரித்து அம்மாவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனோம். சோதித்துப் பார்த்த டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "நின்ன பெறகு திரும்பப் பட்டா அது சாதாரணமில்லம்மா. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். கர்ப்பப்பைய எடுக்க வேண்டியிருக்கும். தள்ளிப் போடாதீக" என்றார். அய்யா தலையை ஆட்டினார். பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்திபனூர் தாண்டியதும், "பாரி முடியட்டும்" என்றாள்.

"டாக்டர் தள்ளிப் போடக் கூடாதுன்னுச்சும்மா" என்றேன்.

"ஆவணி பொறந்துருச்சுன்னா காப்புக் கட்டிருவாக. காப்புக் கட்டுன பெறகு ஊரத் தாண்டித் தங்கக் கூடாது. அதுக்குள்ள என்ன குடி முழுகிப் போகுது?"

அய்யாவும், "அதுஞ் சரிதான்" என்றார். அய்யாவுக்கு மதுரை என்றால் பயம். கத்தி என்றால் அதைவிடப் பயம்.

இப்படித்தான் பாரிச்சட்டி என் கைக்கு வந்தது. அய்யாவின் அக்கா, என் அத்தை, "நான் வளக்குறேன், குடு" என்று வந்து கேட்டாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்காகப் போடுற பாரி. என் வயித்துல பொறந்தவ கையாலதான் வளரணும்" என்றுவிட்டாள்.

பாரி வீட்டுக்குள் நான் வராமல் அம்மாவே வந்திருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்திருப்பாளா என்பது சந்தேகம். நம்பிக்கை இருக்கிறவர்களுக்குத் தப்பு செய்யத் தைரியம் இருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. எல்லாரையும்விட முந்தி எழுந்தேன். எல்லாரையும்விடக் கூடுதலாக விழுந்து கும்பிட்டேன். சாயங்காலம் பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிக்கும்போது என் குலவைதான் உசத்தியாகக் கேட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளயா" என்று கிழவிகள் முகவாயைத் தொட்டுக் கொஞ்சினார்கள். எனக்குக் கூசியது. அம்மா சாய்ப்பிலிருந்து என் குலவையை அடையாளம் கண்டுகொண்டு, வீட்டுக்கு வந்ததும், "ஒன் சத்தம்தான அது?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன்.

பாதி நாள் போயிருக்கும். விடியற்காலை ஊருணியில் இறங்கி நின்றபோது எனக்குத் தூரம் வந்துவிட்டது தெரிந்தது. மாதவிலக்கு வர வேண்டிய நாளே இல்லை. நாளெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் அம்மா என்னிடம் சட்டியைக் கொடுத்திருந்தாள். அப்படியே தண்ணீருக்குள் நின்றேன். சொன்னால் சட்டி அத்தை கைக்குப் போய்விடும். அம்மா உடைந்துபோவாள். ஆத்தாவே வேண்டாமென்று தள்ளிவிட்டாள் என்று அழுவாள். இதெல்லாம் நினைத்தேன், நிஜம். கோபமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் அம்மாவை அடிபம்புப் பக்கத்தில் நிறுத்தியவள் என்னையும் நிறுத்தட்டும், பார்ப்போம் என்று ஒரு வீம்பு. ஈரப் பாவாடை தாவணியில் வெளியே ஒன்றும் தெரியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே பாரி வீட்டுக்குள் போனேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இருட்டு, புழுக்கை வாசம், பெண்களின் மூச்சுச் சத்தம். வழக்கம்போலத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன்.

ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. சாமியிடம் பயமில்லை. சட்டி அழுகினால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள், அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அதனால் அந்தச் சட்டியைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்டேன். அம்மா சாய்ப்பில் இருந்தபடியே சொல்லித் தந்துகொண்டிருந்தாள். "குடத்தோட கவுக்காத, கையால தெளி. அடியில தண்ணி நின்னா வேரு அழுகிரும், வெரல விட்டுப் பாரு. புழுக்கையக் கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்து." சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்தேன். பக்கத்தில் இருந்த சட்டி அழுகத் தொடங்கியது. அந்த வீட்டு மருமகள் வாய் பேசாத பெண்போல இருப்பாள், விரதத்தில் பச்சைத் தண்ணீர்கூட யோசித்துக் குடித்தவள். குடத்தோடு கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். என்ன தீட்டைக் கொண்டுவந்தாயோ என்று மாமியார் கோயில் வாசலில் வைத்தே அவளை அடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பாரி எடுக்கிற அன்று என் சட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரே குலவை. அம்மா எந்த வருஷமும் எடுக்காத உயரம். பூசாரியே வந்து பார்த்துவிட்டு, "முதல்ல இந்தப் பாரி போகட்டும்" என்றார். தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போனேன். பயிர் ஆட ஆட என் கழுத்து வலித்தது. அடிபம்புப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை, தலைக்கு மேலிருந்த பயிரைத்தான் பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஊருணியில் பாரியைக் கரைத்துவிட்டு வந்ததும், "அம்மா, நாளைக்கே மதுரைக்குப் போவோம், துணியெல்லாம் எடுத்து வைக்கவா?" என்று கேட்டேன்.

"மதுரைக்கா? எதுக்கு?" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே கேட்டாள். "பஸ்ஸுல வாரப்பவே ஆத்தாட்ட உத்தரவு கேட்டுட்டேன் தாயி. பாரி நல்லா வந்துச்சுன்னா எனக்குக் கத்தி வேண்டாம், நீயே சரிபண்ணிருன்னு. அவ முழத்துக்கு வளத்துக் காட்டிட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?"

கெஞ்சினேன். டாக்டரம்மா சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ வளத்த பாரிய நீயே நம்பலயா?" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தூரம் வந்துருச்சும்மா. அதோடதான் உள்ள போனேன். எல்லா நாளும் போனேன். அது ஆத்தா வளத்ததில்ல. நீ சொல்லிக் குடுத்ததுல வளந்துச்சு. அம்புட்டுதான்."

அம்மா என்னையே பார்த்தாள். நான் அடியை எதிர்பார்த்து நின்றேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "பொய்" என்றாள். "என்னய மதுரைக்கு இழுத்துட்டுப் போகணும்னு பொய் சொல்ற. தூரத்தோட போயிருந்தா பாரி அழுகிருக்கும்டி. அந்த மருமகப் புள்ளயோடது அழுகலையா? ஒன்னோடது எப்பிடி நின்னுச்சுன்னு ஊரே பாத்துச்சே." பிறகு, "அம்மா மேல இம்புட்டு ஆசையா ஒனக்கு?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாய்ப்புக்குப் போன நாளிலிருந்து தீட்டுக்காக என்னைத் தொடாமல் இருந்தவள் அன்றைக்குத்தான் தொட்டாள்.

அய்யாவிடம் தூரத்தையும் பாரியையும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் பேசினேன். "அவ தைரியமா இருக்கா. அதக் கெடுக்காத" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, அதுவும் என் கெட்ட நேரம்தான். அதையும் பாரிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஐப்பசியில் அம்மாவுக்குக் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. பார்த்தாயா என்றாள். கார்த்திகையில் இடுப்பு வலி வந்தது. தையில் எழுந்து நடக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அய்யா வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் எங்கய்யா இருந்தீங்க?" என்று அய்யாவைக் கேட்டார். அய்யா என்னைப் பார்த்தார். கத்தி வைக்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மிளகாய் பழம் எடுக்கிற காலம். களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்றடித்தால் வீட்டுக்குள் நெடி வந்து எல்லாரும் தும்முவோம். அம்மாவைச் சாய்ப்பிலிருந்து நடுவீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருந்தோம். அப்போது யாரும் தீட்டைப் பற்றிப் பேசவில்லை. தும்மினால் அவளுக்கு உயிர் போகிற வலி.

அம்மா அம்மனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான்தான் அதை முதலில் கவனித்தேன். அத்தை திருநீறு கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயில் மணி கேட்டால் கையைத் தூக்குகிறவள் தூக்காமல் கிடந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காகக் கிடப்பாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று தெரிந்துகொண்ட பார்வை. நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு என் அம்மா வந்துகொண்டிருந்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உடம்பில் தெம்பிருந்த எனக்கே அது தாங்கவில்லை. சாகப்போகிறவள் அதை எப்படித் தாங்குவாள் என்று நினைத்து அடுப்படியில் நின்று அழுதேன்.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் களத்தில் இருந்தார்கள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு, "உத்தரவு குடுத்துட்டு ஏன் என்னய ஏமாத்துனா?" என்று கேட்டாள். நான் சிந்திய கஞ்சியைத் துடைத்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"தாயி, அன்னைக்குச் சொன்னயே. தூரத்தோட போனேன்னு. நெசமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மேல் அவளுக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் அவளை ஏமாற்றியது அம்மன் என்றாகிவிடும். அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே அவள் போய்ச் சேர வேண்டியதுதான். ஆமாம் என்றால், அவளைக் கொன்றது நான்.

"நெசந்தாம்மா" என்றேன். அது போதாது என்று தெரிந்தது. அன்றைக்கு அவளிடம் சொன்ன அதே உண்மைதான், ஆனால் இப்போது அதைச் சாமி இருக்கிறது என்று நம்புகிறவள் குரலில் சொல்ல வேண்டும். "ஆத்தாவுக்குத் துரோகம் பண்ணிட்டேன். அவ கோவத்த ஒம் மேல காட்டிட்டா. நாந்தாம்மா காரணம்."

"அடிப் பாவி" என்றாள் அம்மா, மெதுவாக. முகம் கோணியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். பல நாளாக அவள் மார்பில் கிடந்த எதுவோ அந்த மூச்சோடு இறங்கிவிட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "அப்ப அவ மேல தப்பில்ல" என்றாள். "அவ ஏமாத்தல. அவ என்னய விட்டுட்டுப் போகல."

"இல்லம்மா."

"யார்ட்டயும் சொல்லிராத. ஒன்னயக் கட்டிக்க ஒருத்தனும் வர மாட்டான்."

தலைமாட்டில் அத்தை வைத்துவிட்டுப் போன திருநீறு கிடந்தது. அதைத் தரச் சொன்னாள். விரலால் தொட்டாள். நெற்றிக்குக் கொண்டுபோவாள் என்று நினைத்தேன். என் நெற்றியில் பூசினாள். கண்ணை மூடிக்கொண்டு, பழைய மாதிரி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"ஆத்தா, சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சுருச்சு. என்னய எடுத்துக்கிட்டயில்ல, அதோட விட்டுரு. எனக்கு ஒண்ணும் வேண்டாம். எம்புள்ளய ஒண்ணும் செஞ்சுராத."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நீயும் கும்புடுடி" என்றாள்.

கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.